கண்மாய்க்கரையும் கழுகாசலமும்

ஏழாயிரம்பண்ணை என்றதும் வெளியூர் அன்பர்களுக்குத் தீப்பெட்டியும் பட்டாசும்தான் நினைவுக்கு வரும். கரிசல் பூமி எங்களுடையது. வானம் பொய்த்த ஆண்டுகளில் வீடுதோறும் உலை ஏற்றியது அந்தத் தொழில்தான். அதை நான் ஒருநாளும் பழித்ததில்லை. ஆனால் என் தம்பியைக் கொண்டுபோனதும் அதுவே. மருந்துக் கலவை அறையில் ஒரு சிறு உராய்வு போதும். அவனுக்குப் பிள்ளை இல்லை. மூத்தவனாகிய நானே கொள்ளி வைத்தேன்.

கருமங்கள் முறைப்படி முடிந்தன. மனம் மட்டும் ஆறவில்லை. கோயில் திருவிழாவில் வாணம் விட்டால் கை நடுங்கும். சந்நிதியில் நிற்க இயலாமல் வெளியே வந்துவிடுவேன். இருக்கன்குடி மாரியம்மனிடம் சென்று வாய்விட்டு அழுதேன். அவள் செவிசாய்த்தாள் என்றே கொள்கிறேன். ஏனெனில், அடுத்த மாதம் ஊருக்கு வந்த மகள், "சும்மாதானே கிடக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள் அப்பா" என்று தன் பழைய கேமராவைத் தந்துவிட்டுப் போனாள்.

விடியற்காலையில் அதை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போகத் தொடங்கினேன். கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி ஒன்று அங்கே உண்டு. நீருக்கு மேலே அந்தரத்தில் சிறகடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும். திடீரென்று கல் விழுவதுபோல் விழும். அந்தக் கணத்தைப் படமாக்க எத்தனையோ காலைகள் காத்திருந்தேன். சந்நிதியில் திரை விலகுவதற்காக நிற்கிறோமே, அதே நிலைதான். திரைக்குப் பின்னே அலங்காரம் எப்போது முடியும் என்று நாம் கேட்பதில்லை அல்லவா? பெரும்பாலும் படம் கிட்டாது. ஆயினும் வெயில் ஏறி வீடு திரும்பும்போது, இரண்டு மணி நேரம் வெடியோசை என் நினைவில் எழவே இல்லை என்பது தெரியவரும்.

இக்கலையில் நம் நாட்டுக்கு முன்னோடியாக விளங்கியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே கானுயிர்களைப் படமெடுத்தார். வண்ணம் இல்லையே என்று அப்படங்களைப் பார்க்கும் எவருக்கும் தோன்றாது. யானையின் தோல் மடிப்புகளே போதும்.

எங்களூருக்குத் தெற்கே கழுகுமலை. ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்ய இயலாத துயரத்தோடு அவன் அண்ணன் சம்பாதி முருகனை வழிபட்டு ஆறுதல் பெற்ற தலம் என்பது ஐதிகம். சிறுவயது முதல் கேட்ட கதைதான். தம்பி போனபின் கழுகாசலமூர்த்தி முன் நின்றபோதுதான், அது ஓர் அண்ணனின் கதை என்று உறைத்தது. வெளியே வந்து மலையையும் வானத்தையும் நெடுநேரம் பார்த்திருந்தேன். பிணந்தின்னிக் கழுகு ஒன்றுகூட இல்லை. கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோபினாக் என்னும் வலிமருந்து, அவற்றின் சடலத்தை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து இனத்தையே அழித்துவிட்டது. கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது 2006-இல் தடைசெய்யப்பட்டது. தமிழகத்தில் இன்று அவை பெரும்பாலும் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் எஞ்சியுள்ளன. சம்பாதியின் குலத்துக்கும் ஈமக்கடன் செய்ய ஆள் வேண்டும் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று மலைமேல் வட்டமிட்டது ஒரு செம்பருந்து. வெண்தலையும் செங்காவி உடலும் கொண்ட நம் கருடன். கேமரா கழுத்தில் தொங்கியது. கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. படம் எடுக்கவில்லை.

சென்ற மாசியில் நான்குனேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளத்துக்குப் போய்வந்தேன். கூழைக்கடாக்களும் நாரைகளும் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளக்கூடாது என்று அவ்வூர் மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பட்டாசு செய்யும் ஊர்க்காரன் நான். ஒரு புளியமரத்தடியில் அமர்ந்து, குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையை நுழைத்து உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தைத் தம்பி மனைவியிடம் காட்டினேன். வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "அங்கே வெடியே கிடையாதா மாமா?" என்று கேட்டாள். வரும் தையில் அவளையும் அழைத்துப் போகிறோம்.