வெட்டும் இடத்தில் ஓர் அமானிதம்

ஐந்து நிமிட ஒலிச்சித்திரம் ஒன்றை எழுதி, பதிவு செய்து, தொகுத்து ஒப்படைக்க வேண்டும் என்பது இந்தப் பருவத்தில் எங்கள் வகுப்புக்குத் தரப்பட்ட பணி. ஊடகவியல் பயிலும் எனக்கு அது கருவிகளைக் கையாளும் பயிற்சியாகவே முதலில் தோன்றியது. ஆனால், மதரஸாவில் கற்ற இரண்டு பாடங்களை அது மீண்டும் கற்பித்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தேர்ந்தெடுத்த பொருள் 2015 டிசம்பர் வெள்ளம். டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் அடுத்த தெருவில் வாழும் பாட்டி ஒருவர் அப்போது இரண்டு இரவுகளை மொட்டை மாடியில் கழித்தவர். அத்தாவுக்கு நீண்ட நாள் பழக்கமானவர். கேட்டவுடன், "வா கண்ணு, சொல்றேன்" என்றார்.

செவிக்கு எழுதுவது தனிக்கலை. வாசகர் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி போதும். தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ஒலிகளையும் வலப்பக்கம் சொற்களையும் எழுதினேன். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொற்களே எனக்கு அடங்கின. பாட்டியின் குரலுக்குப் பாதி நேரம் ஒதுக்கியபின், என் பங்குக்கு 200 சொற்கள்தாம் மிஞ்சின.

பதிவுக்கு ஃபஜ்ருக்குப் பிந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம். விடிந்துவிட்டால் விமானப்படைத் தளத்தின் விமானங்களும் தண்ணீர் லாரிகளும் குக்கர் விசிலும் சேர்ந்துகொள்ளும். மின்விசிறியை நிறுத்தி, சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். எல்லாம் முடிந்தபின், எவரும் பேசாத அறையின் அமைதியை அரை நிமிடம் தனியே பதிவு செய்தேன். வெட்டிய இடங்களில் அதை இட்டு நிரப்பினால் ஒட்டுத் தெரியாது.

பாட்டி பேசியது 47 நிமிடம். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் அவர் குரல் அலை அலையாய்த் திரையில் விரிந்தது. அதில் ஓரிடத்தில் அவர் சொன்னார்: "பள்ளிவாசல் பசங்க முதல் நாள் எங்க தெருவுக்கு வரல. எனக்குக் கோபமாத்தான் இருந்துச்சு. மறுநாள் இடுப்பளவு தண்ணியில சோத்தத் தூக்கிட்டு வந்தாங்க."

முதல் இரண்டு வாக்கியங்களை நீக்கிவிட்டால் கேட்போர் மகிழ்வர். நம் சமுதாயத்துக்கும் பெருமை. வெட்டியதை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. அப்போதுதான் மதரஸாவில் ஹஜ்ரத் கற்பித்த வக்ஃப் பாடம் நினைவுக்கு வந்தது. அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனம், போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்குவதைத் தடுக்கிறது. ஓதுபவர் அதன் பாதியில் நிறுத்தினால், தொழுகையே தடுக்கப்பட்டது போன்ற பொருள் வந்துவிடும். ஒரு சொல்லும் மாறவில்லை. நிறுத்திய இடம் மட்டுமே தவறு. எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்பதற்கு முஸ்ஹஃபில் தனிக் குறிகளே இருக்கின்றன. ஒரு மனிதரின் பேச்சிலும் அத்தகைய இடங்கள் உண்டு. அவர் கோபத்தையும் வைத்தே தொகுத்தேன். நேரம் போதாததால் என் வாக்கியங்கள் நான்கை நீக்கினேன். கோபத்தைச் சொன்ன வாய் நன்றியையும் சொன்னபோது, அந்த நன்றிக்கு எடை கூடியிருந்தது.

இரண்டாவது பாடம் இதைவிடக் கடினமானது. பேச்சின் நடுவில் பாட்டி ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தார். கைப்பேசி அவர் குரலைப் பதிவு செய்தது. அந்தப் பார்வையைப் பதிவு செய்யவில்லை. ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால் அது அமானிதம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் இடம்பெற்றுள்ளது. தொகுத்து முடித்ததை ஒப்படைக்கும் முன் அவரிடமே போட்டுக் காட்டினேன். அந்த 40 விநாடிகள் வந்ததும், "அது மட்டும் வேணாம் கண்ணு" என்றார். மொத்தப் பதிவிலும் உள்ளத்தை உலுக்கிய பகுதி அதுதான். நீக்கினேன், மூலப் பதிவிலிருந்தும் அழித்தேன். அது எதைப் பற்றியது என்பதை இங்கும் எழுதப் போவதில்லை.

நடுப்பகுதியில் உணர்ச்சி சற்றுக் குறைகிறது என்று ஆசிரியர் குறிப்பெழுதினார். அவர் சொன்னது சரியே. காரணத்தை நான் விளக்கவில்லை.

இன்று வெட்டும் கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஓர் ஆலிமின் ஒரு மணி நேர பயானிலிருந்து அரை நிமிடம் பிரிக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. குடும்பத்துக்குள் ஒருவருக்கு மட்டும் அனுப்பிய குரல் செய்தி மாலைக்குள் பத்து வீடுகளை எட்டிவிடுகிறது. வந்த செய்தியைத் தெளிவாக விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. முழுவதும் கேட்காமல் ஒன்றைப் பிறருக்கு அனுப்பாதிருப்பதும், பேசியவரிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்பதும் நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கத்தக்கவை.

பிறர் நம்பி நம்மிடம் விட்டுச்சென்ற சொற்களை, குறைக்காமலும் திரிக்காமலும் காக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.