முத்திரை மட்டும் போதுமா?



ஒரு தப்பை ஒத்துக்கிட்டுத்தான் இந்தப் பதிவை ஆரம்பிக்கிறோம்.

சில வருஷத்துக்கு முன்னாடி, கணக்கியல் டிப்ளோமா படிக்கும் தம்பி ஒருத்தர் கோயில் அலுவலகத்துக்கு வந்தார். "அண்ணே, 20 வாரம் தொழிற்பயிற்சி செய்யணும். எங்கயும் இடம் கிடைக்கல. லாக் புக்ல வாராவாரம் ஒரு சாப்பு மட்டும் அடிச்சுக் குடுங்க" என்றார். நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்று கோயில் முத்திரையைக் குத்திக் கொடுத்தோம். புண்ணியம் செய்ததாகக்கூட நினைத்தோம்.

படிப்பு முடிந்து முதல் நேர்காணலுக்குப் போனவரிடம், "பயிற்சியில என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார்களாம். சொல்ல ஒன்றும் இல்லை. சாயங்காலம் கோயிலுக்கு வந்து எங்களிடம் சொன்னார். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

போன வருஷம் அதே படிப்பு படிக்கும் தங்கச்சி ஒருத்தர் வந்தார். இந்தத் தடவை முத்திரைக்குப் பதிலாகக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தோம். பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தார். போக்குவரத்துச் செலவுக்கு மாசம் 300 ரிங்கிட். எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

அர்ச்சனைச் சீட்டு எண்களையும் கல்லாப் பணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் மூணாவது வாரமே கேட்டார்: "அண்ணே, நடுவுல ரெண்டு சீட்டுப் புத்தகம் காணோமே?" ஆடிப் போயிட்டோம். தேடினால், விற்காமல் அலமாரி அடியில் கிடந்தது! ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டிய கணக்கையும் அவர்தான் தயார் செய்தார்.

நேர்காணலில் அந்தச் சீட்டுப் புத்தகக் கதையைத்தான் சொன்னாராம். இப்போது வேலையில் இருக்கிறார்.

மாணவர்களே, இடம் தேடுவதைக் கடைசி மாசம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. சேரும்போதே "எனக்கு என்ன வேலை? யார் சொல்லித் தருவாங்க?" என்று கேளுங்க. பெற்றோர்களே, அலவன்ஸ் குறைவுன்னு தடுக்காதீங்க. ஆனா பிள்ளை காப்பி வாங்கவும் நகல் எடுக்கவும் மட்டுமே போறாரான்னு விசாரிங்க.

தொழில் நடத்தும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ ஒரு பிள்ளைக்கு நாற்காலி போட முடியுமா? கோயில் அலுவலகத்தில் சொல்லுங்கள், மாணவர்களை அனுப்பி வைக்கிறோம்.

அந்தத் தம்பியும் இப்போது சனிக்கிழமைகளில் வந்து கணக்கு கற்றுக்கொள்கிறார். எங்கள் கடன் இன்னும் முழுசா தீரல.

அம்மன் துணை 🙏