ஒரு சொம்புத் தண்ணீர்

பௌர்ணமி வந்தால் எங்கள் தெரு தூங்காது. 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்கள் வாசலில் தண்ணீர் கேட்பார்கள்; கொடுப்பது என் வீட்டுக்காரர்தான். 1949-ல் ரமணரைப் பார்க்க வந்து, பிறகு இந்த மலைக் குகைகளில் தங்கிய பிரெஞ்சுத் துறவி அபிஷிக்தானந்தர் மீது அவருக்கு அப்படியொரு பிரியம். "மலையெல்லாம் நமக்கு எதுக்குங்க?" என்பேன்.

அவர் போன பிறகு நான் கதவைத் திறக்கவில்லை. ஜெபமும் நின்றுபோனது.

போன பௌர்ணமியில் ஒரு பாட்டி விடாமல் தட்டினார். தண்ணீர் குடித்துவிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றார். நாலு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. தலையாட்டினேன், அவர் நம்பவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, இலையைக் கிழித்து, பாதிப் புளிசாதத்தை நீட்டினார். ஆண்டவர் அனுப்பினாரா, இவர் அனுப்பினாரா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. படியிலேயே உட்கார்ந்தேன். கை தானாகச் சிலுவை போட்டது. அது முடியும்வரை பாட்டி சாப்பிடாமல் காத்திருந்தார்.