தாத்தா சொல்லாத பெயர்

தஞ்சோங் மாலிமைத் தாண்டிப் பழைய ஈப்போ சடக்கில் நீங்கள் போய் எத்தனை நாளாயிற்று? நெடுஞ்சாலை வந்த பிறகு சிலிம் ரிவர் பலருக்கு வெறும் பெயர்ப்பலகைதான். எங்கள் குடும்பத்துக்கு அப்படியில்லை. தாத்தா பிறந்தது அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். அவர் போய்ச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனேன்.

லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. பால்மரம் ஒன்றுகூட இல்லை. "இங்கேதான் பெரட்டு நடக்கும்" என்று அப்பா கைகாட்டிய இடத்தில் புல் முளைத்திருந்தது.

1942 ஜனவரி 7. தாத்தாவுக்கு அப்போது பத்து வயது. கம்பாரில் கடுமையாகப் போரிட்டுப் பின்வாங்கிய 11ஆவது இந்திய டிவிஷன், துரோலாக் முதல் சிலிம் ஆறு வரை சடக்கை ஒட்டி நின்றது. பஞ்சாப், ஹைதராபாத் ரெஜிமெண்ட் சிப்பாய்கள், நேபாளத்துக் கூர்க்காக்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள். பல நாளாகச் சரியான தூக்கமில்லாதவர்கள். விடியுமுன் இருட்டில் ஜப்பானிய டாங்கிகள் சடக்கு வழியே நேராக உள்ளே புகுந்தன. எதிர்த்து நிற்க இவர்களிடம் டாங்கியே கிடையாது. சிலிம் ஆற்றுப் பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடிகளின் கம்பியை வத்தனபே என்ற ஜப்பானிய அதிகாரி வாளால் வெட்டினார். அன்று காலைக்குள் இரண்டு பிரிகேடுகள் சிதறிப் போயின. நான்கு நாளில், 11ஆம் தேதி, கோலாலம்பூர் வீழ்ந்தது.

சிதறியவர்கள் காட்டிலும் தோட்டங்களிலும் ஒளிந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் லயத்துக்குப் பின்னால் கிடந்ததாகத் தாத்தா சொல்வார். காலில் காயம். "பானி, பானி" என்று முனகியிருக்கிறார். பாட்டனின் மனைவி, எங்கள் கொள்ளுப்பாட்டி, தண்ணீரும் கஞ்சியும் கொண்டுபோய்க் கொடுத்தாராம். கஞ்சியைத் தூக்கிப்போனது தாத்தாவின் அண்ணன். இரண்டாம் நாள் பார்த்தபோது அந்தச் சிப்பாய் அங்கே இல்லை. நடந்து போனாரா, பிடித்துக்கொண்டு போனார்களா, தெரியாது.

"அவர் பேரென்ன தாத்தா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அந்த நேரத்துல யார்மா பேரு கேட்டா?" என்பார்.

சிலிம் ரிவரிலிருந்து அன்றே தைப்பிங் போனோம். மேக்ஸ்வெல் மலைக்குப் போகும் வழியில், சாலையின் இரு பக்கமும் இருக்கிறது போர்வீரர் கல்லறைத் தோட்டம். போர் முடிந்த பிறகு, போர்க்களங்களிலும் கிராமங்களிலும் அவசரத்தில் புதைக்கப்பட்டவர்களை எடுத்து வந்து இங்கே அடக்கம் செய்தார்கள். 860க்கும் மேற்பட்ட போர்வீரர்களுக்கு இங்கே இடம் இருக்கிறது. அவர்களில் 500க்கும் அதிகமானோர் அடையாளம் தெரியாதவர்கள். கல் ஒரே அளவு, ஒரே உயரம். அதிகாரி, சிப்பாய் என்ற வித்தியாசம் இல்லை. பெயர் தெரிந்த கல்லில் பெயரும் ரெஜிமெண்டும். தெரியாத கல்லில், இந்திய இராணுவ வீரர் ஒருவர் என்பது மட்டும்.

அப்பா கல் கல்லாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். எங்கள் கொள்ளுப்பாட்டியின் கஞ்சியைக் குடித்தவர் இங்கே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு வேளை அவர் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கும். கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. கல் ஓரிடம், பெயர் வேறிடம். இரண்டையும் சேர்த்துவைக்க ஆளில்லாவிட்டாலும், இரண்டும் இருக்கின்றன. ஏனென்றால் இராணுவம் ஆட்களைச் சேர்க்கும்போதே பெயரை எழுதி வைத்தது.

நமக்கு இது புதிய பழக்கமில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகல்லில், ஆகோள் பூசலில் இறந்த அந்தவன் என்பவனின் பெயரும் ஊரும் தமிழ் பிராமி எழுத்தில் இருக்கின்றன. மாட்டுப் பூசலில் மடிந்தவனின் பெயர் ஈராயிரம் ஆண்டாக நிற்கிறது.

கஞ்சி தூக்கிப்போன அண்ணனுக்கு வருகிறேன். 1943இல் பெரட்டுக்குப் போனவரை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். மரண ரயில் பாதை. நீளம் 415 கிலோமீட்டர். அதில் செத்த நேசப்படைக் கைதிகள் 12,000க்கும் மேல். காஞ்சனபுரியில் அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள். அவர்களைவிடப் பல மடங்கு செத்த தோட்டத் தொழிலாளிகளுக்குப் பட்டியல்கூட இல்லை. 2023இல்தான் காஞ்சனபுரியின் புத்த விகாரை ஒன்றில் நம் மக்களுக்காக நடுகல் எழுந்தது.

அண்ணன் திரும்பவில்லை. தாத்தா சாகும்வரை அவரை "அண்ணன்" என்றுதான் சொன்னார். மூத்தவர் பெயரைச் சொல்வது மரியாதையில்லை என்று வளர்ந்த மனிதர். காரில் திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன்: "பெரிய தாத்தா பேரு என்னப்பா?"

அப்பா வெகுநேரம் பேசவில்லை. "தெரியலையேம்மா" என்றார்.

வானொலியில் தினமும் நூறு பெயர் வாசிக்கிறேன். பிறந்தநாள், திருமணநாள், பாட்டு கேட்டவர், கேட்கச் சொன்னவர். சொந்த வீட்டுப் பெயர் ஒன்று என் கையில் இல்லை. அதைத் தொலைத்தது ஜப்பான்காரன் அல்ல, வெள்ளைக்காரன் அல்ல. கேட்காமல் விட்ட நாங்கள்தான்.

வழியில் ஈப்போ இரயில் நிலையத்தின் முன்னால் நிறுத்தினோம். 1927இல், முதல் உலகப் போரில் மடிந்த பேராக் வீரர்களுக்காக எழுப்பிய நினைவுத்தூண் அங்கே நிற்கிறது. பிற்காலத்தில் மற்றப் போர்களுக்கும், சயாம் மரண ரயிலுக்கும் தகடுகள் சேர்த்தார்கள். வழியில் வாங்கிய மல்லிகையை அந்தத் தகட்டின் கீழே வைத்தார் அப்பா. என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியாமல், "பெரியப்பா" என்றார்.

உங்கள் தாமானிலும் அவசரகாலத்தில் காட்டுக்குள் போன, எல்லையில் காவல் நின்ற ஒரு தாத்தா இருப்பார். ஜூலை 31 வீரர் தினத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போய்ப் பாருங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். அவரோடு போய்த் திரும்பாதவர்களின் பெயரையும் கேட்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். கல்லைப் பிறகு நட்டுக்கொள்ளலாம்.