சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'ஷி கோ டு ஸ்கூல்' என்று எழுதினால் உடனே சுழித்துவிடுகிறோம். 'கோஸ்' என்பதில் வரும் அந்தக் கடைசி 'எஸ்', ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளுக்கே தாமதமாகத்தான் வருகிறது. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து ஆராய்ந்து, 1973இல் புத்தகமாக எழுதினார். அவர் கண்டபடி, 'ஈட்டிங்', 'பிளேயிங்' என்பதில் வரும் 'இங்' முதலிலேயே வந்துவிடுகிறது. 'ஈட்ஸ்', 'பிளேஸ்' எல்லாம் ரொம்பப் பின்னால்.

நம் பிள்ளைகளுக்கு விதி புரியாமல் இல்லை. வர்றேன், வர்றே, வர்றான், வர்றா, வருது என்று ஆளுக்கு ஆள் வினையை மாற்றித்தானே நாள் முழுக்கப் பேசுகிறார்கள்! குறைவது காதில் விழும் ஆங்கிலம்தான்.

என் மகளோடு ராத்திரி சாப்பிடும்போது வீட்டு ஆட்களை வைத்தே பேசுவேன். 'அப்பா குக்ஸ். தாத்தா ரீட்ஸ் தி பேப்பர். தம்பி கிரைஸ்.' தெருப் பூனைவரை வந்துவிடும். 'தம்பி கிரை' என்றால் திருத்துவதில்லை. 'யெஸ், தம்பி கிரைஸ் எ லாட்' என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வேன்.

பெற்றோரே, இந்த 'எஸ்' விட்டுப்போனதற்காக இம்போசிஷன் எழுதவைக்கும் பள்ளியாக இருந்தால், தயங்காமல் போய் ஆசிரியரிடம் பேசுங்கள்.