மாட்டுக் கொம்பும் எருக்குழியும்

தோட்டத்துக் கிராணியாயிருப்பவனுக்கு உலகத்தை வரவு, செலவு என்று இரண்டு பத்திகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எளிதில் விட்டுப் போவதில்லை. உர மூட்டை வந்தால் ஒரு பதிவு. வெளியே சென்றால் ஒரு பதிவு. மாத முடிவில் மீதம் சரியாயிருத்தல் வேண்டும். அத்தகைய நாம், மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்து மண்ணுக்குள் புதைத்து வைத்தோம் என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். பகுத்தறிவு பேசும் ஏட்டில் இவ்விஷயத்தை எழுதுவது தகுமா என்று நாமே சில காலம் தயங்கினோம். ஆயினும் இம்முயற்சியால் நாம் கற்றது உரத்தைப் பற்றிய பாடம் மட்டுமன்று. ஆதலின், நடந்ததை நடந்தபடியே கூறுகின்றோம்.

கெடா மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் நமக்கு உத்தியோகம். வீட்டின் பின்புறத்தில் கத்தரி, வெண்டை, பயற்றங்காய், கீரை இவற்றிற்கென ஒரு சிறு கொல்லை வைத்திருக்கின்றோம். நம் நாட்டுப் பள்ளிகளில் அறிவியலும் கணக்கும் ஆங்கிலத்தில் போதிக்கப்படத் தொடங்கிய 2003ஆம் ஆண்டில் நாம் இடைநிலைப் பள்ளியில் காலடி வைத்தோம். பின்னர்க் கற்ற கல்லூரிக் கல்வியும் ஆங்கிலமே. ஆகவே, அறிவு என்பது ஆங்கில நூலில்தான் இருக்கும் என்ற எண்ணம் நம்மையறியாமலே நம்முள் வேரூன்றிவிட்டது. 'உயிராற்றல் வேளாண்மை' என்னும் முறையையும் அத்தகைய ஒரு நூலிலேதான் முதன்முதலாகக் கண்டோம்.

இம்முறைக்கு வித்திட்டவர் ருடால்ப் ஸ்டெய்னர் என்னும் ஆஸ்திரிய நாட்டவர். 1861இல் பிறந்து 1925இல் மறைந்தவர். அவர் 1924ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அப்போது ஜெர்மனியைச் சேர்ந்திருந்ததும் இப்போது போலந்திலுள்ளதுமான கோபர்விட்ஸ் என்னும் ஊரில், ஒரு பெரும்பண்ணையில் எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். மண்ணும் விதையும் நாளுக்கு நாள் நலிந்து வருகின்றன என்று கவலைப்பட்ட பண்ணையாளர்களுக்கு அவர் அளித்த விடையே அவை. அவர் கூறிய கலவைகளைப் பிற்காலத்தார் 500, 501 என்று எண்ணிட்டு வழங்குகின்றனர். 500 என்பது கொம்புச் சாண உரம். 501 என்பது கொம்பில் அடைத்துப் பக்குவப்படுத்திய படிகக்கல் தூள். எஞ்சிய ஆறும் மூலிகைகளால் ஆக்கி மக்குக் குவியலில் இடுவன. அம்மூலிகைகள் குளிர்நாட்டுச் செடிகள். நம் தாழ்நிலத்தில் இயல்பாக விளைவன அல்ல. ஆகவே நாம் கொம்புச் சாண உரம் ஒன்றையே செய்து பார்ப்பதென்று துணிந்தோம்.

கன்று ஈன்ற பசுவின் கொம்பு வேண்டுமென்பது விதி. சடக்கோரத்தில் மாடு வளர்க்கும் முதியவர் ஒருவரிடம் சென்று கேட்டோம். அவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார்.

"கொம்பு எதற்கு, கிராணி ஐயா? யாருக்காவது செய்வினை வைக்கப் போகிறீர்களா?"

"இல்லை பெரியவரே, கத்தரிக்காய்க்கு" என்றோம்.

அவர் வெகுநேரம் சிரித்தார். ஆயினும், முதுமையால் இறந்த தம் பசுக்களின் கொம்புகள் நான்கை எடுத்துக் கொடுத்தார். பால் கறக்கும் பசுவின் சாணத்தையும் ஒரு வாளி நிறையத் தந்தார்.

ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் புதைத்து, பனிக்காலம் முழுவதும் மண்ணுள் வைத்து, இளவேனிலில் தோண்டி எடுப்பர். நமக்கோ பனிக்காலம் என்பதே கிடையாது. ஆகவே இந்தியாவில் இதனைச் செய்வோர் வழக்கத்தைப் பின்பற்றி, ஐப்பசியில் புதைத்துப் பங்குனியில் எடுப்பதென முடிவு செய்தோம். கெடாவில் தை, மாசி மாதங்களில் மழை குறைவாதலால் குழியில் நீர் தேங்காதென்பதும் ஒரு காரணம். பசுஞ்சாணத்தைக் கொம்புகளில் இறுக அடைத்து, மேட்டுப்பாங்கான இடத்தில் ஓரடி ஆழத்திற்குச் சற்று மிகுதியாகத் தோண்டி, வாய்ப்புறம் கீழ்நோக்குமாறு அடுக்கி மண்ணை மூடினோம். திங்களும் கோள்களும் நிற்கும் நிலை பார்த்துச் செய்யவேண்டுமென்பாரும் உளர். நாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் செய்தோம். அன்றுதான் நமக்கு விடுமுறை.

பங்குனியில் தோண்டியபோது வியப்பே உண்டாயிற்று. பச்சைச் சாணத்தின் நாற்றம் முற்றிலும் போயிருந்தது. கருமை கலந்த பழுப்பு நிறத்தில், மழை பெய்த காட்டு மண்ணின் மணத்தோடு, மெத்தென்ற பொருளொன்று கொம்புகளினின்றும் வெளிப்பட்டது. மாயம் ஒன்றுமில்லை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஐந்து மாத காலம் செய்த வேலை அது.

செய்வது எளிது, காப்பதே அரிது. மெருகிட்ட சாடியில் இட்டு, மூடியை இறுக்காமல் மேலே வைத்து, அச்சாடியை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, அடியிலும் பக்கங்களிலும் மேலேயும் ஈரங்காக்கும் பொருளைத் திணித்துக் குளிர்ந்த இருட்டான இடத்தில் வைக்கவேண்டும். ஐரோப்பியர் சதுப்புநிலத்துப் பாசிமக்கைத் திணிப்பர். நமக்குத் தென்னை நார்த்தூளே போதும். நாமோ முதலாண்டில் இவ்விதியைப் பொருட்படுத்தினோமில்லை. பாதியை ரொட்டித் தகரத்தில் போட்டுத் தகரக் கூரையின் கீழ் வைத்தோம். மற்றப் பாதியைப் பிளாஸ்டிக் டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்தோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், முன்னது கல்லாயிருந்தது. பின்னது வெண்பூஞ்சை பூத்து நாறிக்கொண்டிருந்தது.

டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் விழித்திருந்த வேளையில், நம் அன்னையார் அங்கே வந்தார். ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தார்.

"மூச்சுவிட முடியாமல் அடைத்துவிட்டாயே, தம்பி. எருவுக்கும் மூச்சு உண்டு. காய்ந்தாலும் கெடும், ஊறினாலும் கெடும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலில் தண்ணீர் ஒட்டக்கூடாது" என்றார்.

நாம் வாயடைத்து நின்றோம். ஏனெனில், ஈரம் பார்க்கும் இதே சோதனையை ஆங்கில நூலில் கண்டு, சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தோம்.

இங்கே பழங்கதை ஒன்றைச் சொல்லியாகவேண்டும். நாம் சிறுவராயிருந்தபோது அன்னையார் லயத்துக்குப் பின்னால் இரண்டு பசுக்களை வளர்த்தார். அதிகாலையில் பிரட்டுக்குச் செல்லுமுன் பால் கறந்து, வீடு வீடாக ஊற்றிவிட்டே வேலைக்குப் போவார். நம் பள்ளிப் பேருந்துக் கட்டணமும் புத்தகச் செலவும் அந்தப் பாலில் வந்தவை. சாணமெல்லாம் எருக்குழிக்குப் போகும். அக்குழிக்கு மேலே ஓலை வேய்ந்திருப்பார். மழை பெய்தால் வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்புவார். காய்ந்தால் நீர் தெளித்துக் கிளறுவார். அந்த எருவில் விளைந்த கத்தரிக்காயைத்தான் நாம் உண்டு வளர்ந்தோம்.

ஒருநாள், நாம் மறந்து வைத்துவிட்டு வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு அன்னையார் பள்ளி வாயிலுக்கு வந்தார். உடன் படித்தவருள் ஒருவன் மூக்கைப் பொத்தினான். அன்று மாலை நாம், "இனிமேல் நீங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவேண்டாம், அம்மா" என்றோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அதன்பின் அவர் வரவுமில்லை. சில ஆண்டுகளில் தோட்டத்து நிர்வாகம் மாடுகளை அப்புறப்படுத்தச் சொல்லிற்று, பசுக்கள் விலையாயின, எருக்குழியும் தூர்ந்தது. நாம் அதற்காக வருந்தினோமில்லை. நாற்றம் ஒழிந்தது என்றே எண்ணினோம்.

அந்த நாம்தான், ஜெர்மன் மொழியில் சொல்லப்பட்டு ஆங்கிலத்தில் அச்சேறி வந்ததென்பதனால், அதே சாணத்தை இரு கைகளாலும் அள்ளிக் கொம்பில் அடைத்தோம்!

இரண்டாம் ஆண்டில் அன்னையாரின் மேற்பார்வையில் உரத்தைக் காத்தோம். நார்த்தூள் திணித்த மரப்பெட்டியை அவர் வாரந்தோறும் திறந்து பார்ப்பார். சாடியிலிருந்த உரம் ஆறு மாதமாகியும் பதங்கெடவில்லை. பின்னர்ச் சோதனையில் இறங்கினோம். ஒரே மண்ணில் மூன்று வெண்டைப் பாத்திகள் போட்டோம். முதற்பாத்திக்கு மக்கிய எருவும் கொம்புரமும், இரண்டாம் பாத்திக்கு எரு மட்டும், மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. கொம்புரத்தை விதிப்படியே நீரில் இட்டு, நடுவே சுழி விழும்வரை ஒரு பக்கமும், பின் சட்டென மாற்றி மறுபக்கமுமாக ஒருமணி நேரம் கலக்கி, மாலைவேளையில் மண்ணில் தெளித்தோம். பறித்த காயையெல்லாம் நிறுத்துக் கணக்கெழுதினோம். அடுத்த முறை பாத்திகளை இடம் மாற்றிப் போட்டு, மீண்டும் நிறுத்தோம்.

கண்ட முடிவு இதுதான். எருவிட்ட இரு பாத்திகளும் எருவிடாத பாத்தியை வெகுவாக விஞ்சின. ஆனால் கொம்புரம் தெளித்த பாத்திக்கும் தெளிக்காத பாத்திக்கும் நம் தராசு எவ்வித வேறுபாடும் காட்டவில்லை.

கிராணிக் கணக்கும் அதையே சொல்லுகிறது. ஓர் ஏக்கருக்குத் தெளிக்கும் கொம்புரம் ஏறக்குறைய 25 முதல் 35 கிராம். அதிலுள்ள தழைச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது. நம் உரக் கிடங்கிலுள்ள 50 கிலோ யூரியா மூட்டையிலோ 23 கிலோ தழைச்சத்து உண்டு. ஆகவே பயிருக்கு உணவு என்ற கணக்கில் கொம்புரத்திற்கு இடமில்லை. சுவிட்சர்லாந்தில் தேர்வில் என்னும் ஊரில் 1978 முதல் இம்முறையையும் பிற முறைகளையும் அருகருகே வைத்துச் சோதித்து வருகின்றனர். 2002இல் வெளிவந்த அதன் முடிவுகளின்படி, இயற்கைமுறை நிலங்களில் விளைச்சல் ஏறக்குறைய நூற்றுக்கு 20 பங்கு குறைவு. ஆயினும் இட்ட உரமும் செலவிட்ட சக்தியும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்தன. மண்ணில் உயிரினங்களும் பெருகின. ஆனால் அங்கும் மக்கிய எரு இடப்பட்டதாதலின், அப்பெருமையைக் கொம்புக்கு மட்டும் உரியதாக்குதல் நியாயமாகாது.

அப்படியானால் நம் முயற்சி வீணா? இல்லை என்போம். முன்னோர் செய்தார்கள் என்பதற்காக ஒன்றை ஏற்பது குருட்டுத்தனமென்று நாம் பேசி வருகின்றோம், அது உண்மை. மேல்நாட்டார் நூலில் எழுதினார்கள் என்பதற்காக ஒன்றை ஏற்பதும் அதே குருட்டுத்தனம் அல்லவா? அதனினும் கொடியது மற்றொன்று: நம் தாயின் கையில் இருந்தபோது ஒன்றை இழிவென்று தள்ளி, அயலார் கையில் கண்டவுடன் அதையே அறிவென்று போற்றுவது. சுயமரியாதை என்னும் சொல்லை வாயால் வழங்கிக்கொண்டே நாம் செய்த பிழை இதுவே.

ஒருநாள் இரவு உணவின்போது அந்தப் பள்ளி வாயில் பேச்சை நாமே எடுத்தோம். "அன்று சொன்னது தவறு, அம்மா" என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "அந்தப் பையன் மூக்கைப் பொத்தினதை நானும் பார்த்தேன். சாப்பிடு, ஆறிவிடப் போகிறது" என்று சொல்லிக் குழம்பு ஊற்றினார்.

இப்போது நம் கொல்லையில் கொம்பு புதைப்பதில்லை. எருக்குழி ஒன்று இருக்கின்றது. மேலே ஓலை வேய்ந்திருக்கின்றது. வாரம் ஒருமுறை கிளறுவது நம் வேலை. ஈரம் சரியா என்று பிடித்துப் பார்ப்பது அன்னையாரின் அதிகாரம். நார்த்தூள் பெட்டியில் சேனையும் கருணையும் அடுத்த பட்டத்திற்குக் காத்திருக்கின்றன.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் அன்பர்களே! யார் எதைச் சொன்னாலும், கொல்லையில் இரண்டு பாத்தி போடுங்கள். ஒன்றில் செய்யுங்கள்; மற்றொன்றில் செய்யாமல் விடுங்கள். இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால், வீட்டிலுள்ள முதியவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.