குதிரையிலிருந்து விழுந்தவரின் தொழுகை



அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்தார்கள். அவர்களுடைய உடலின் வலப்பக்கம் சிராய்த்துவிட்டது. நலம் விசாரிக்கச் சென்ற தோழர்களுக்கு, தொழுகை நேரம் வந்தபோது, உட்கார்ந்தவாறே தொழுவித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. இமாமைப் பின்பற்றும் சட்டத்துக்காகவே இதைப் பெரும்பாலும் படிக்கிறோம். அந்தக் காயத்தின் வலியை நாம் அதிகம் நினைப்பதில்லை.

என்னை அதைப் பற்றி நினைக்க வைத்தவன் என் தங்கை மகன். பதினாறு வயது, குதிரையேற்றம் பழகி வந்தான். ஒருநாள் லாயத்தில் குதிரையின் பின்புறமாகக் கடந்தபோது அது உதைத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பார்க்க வந்தவர்கள், "குதிரையெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார்கள். அவனை வருத்தியது அதுவன்று. "வயசானவங்கதானே மாமா நாற்காலியில தொழுவாங்க?" என்று வெட்கப்பட்டான். மாவுக்கட்டோடு சுவரைப் பற்றி ஒற்றைக்காலில் நின்று, தடுமாறி விழப் பார்த்தான். நான் மேற்கண்ட ஹதீஸைச் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்தான். அன்று அஸரை உட்கார்ந்தே தொழுதான்.

குதிரை வன்மத்தால் உதைப்பதில்லை. அது இரையாகும் இனம்; அஞ்சினால் ஓடும், ஓட வழியில்லையெனில் உதைக்கும். தலையின் இருபுறமும் கண்கள் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்க வல்லது. எனினும் நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆகவே குரல் கொடுத்தபடி தோள்பக்கமாக அணுக வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளலாகாது; குதிரை மிரண்டால் அது விரல்களை நெரிக்கும், ஆளையே இழுத்துச் செல்லும். குதிகால் வைத்த காலணி, பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்காமல் தடுக்கும். தலைக்கவசம் இன்றி ஏறவே கூடாது. விழுந்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, குழப்பம் இருந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்க. கழுத்திலோ முதுகிலோ வலி என்றால் அவரை அசைக்காமல் உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும்.

பழக்கம் மட்டுமே ஒருவரைக் காத்துவிடாது. டில்லி சுல்தான் குத்புத்தீன் ஐபக் போர்க்களங்களில் குதிரையேறியவர்; 1210ஆம் ஆண்டு லாகூரில் சௌகான் ஆடும்போது குதிரையிலிருந்து விழுந்தே இறந்தார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்குமாறு நபியவர்கள் கற்பித்ததைத் திர்மிதியில் காண்கிறோம். தலைக்கவசமும் அத்தகைய கயிறுதான். அதை அணிவது தவக்குலுக்கு முரணன்று. அதையும் மீறி அடிபட்டால், உட்கார்ந்து தொழ மார்க்கம் தரும் சலுகையை மனக்குறையின்றி ஏற்போம். காயமுற்ற பிள்ளையிடம், "ஏன் போனாய்?" என்று கேட்குமுன் அவனுக்காக துஆச் செய்வோம். அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காத்தருள்வானாக. ஆமீன்.